லெவலிங் கிட்டும் பெரிய டயரும்: ஒரு எஃப்-150 பிக்கப்பின் மைலேஜ் கணக்கு

முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கும் லெவலிங் கிட், கூடவே ஒரு செட் பெரிய டயர். அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பலர் இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் கேள்வி வருகிறது: கேலனுக்கு 20 மைல் கொடுத்த வண்டி 17-க்கு இறங்கிவிட்டதே, கிட் தின்கிறதா, டயர் தின்கிறதா?

இரண்டும் கொஞ்சம் தின்கின்றன. ஆனால் அதைப் பேசுவதற்கு முன்னால் அந்த 17 என்ற எண்ணையே சரிபார்க்க வேண்டும். அது தவறான எண். பல நேரங்களில் பழைய 20-ம் தவறான எண்தான். இந்த இரண்டையும் திருத்தாமல் கிட்டைக் கழற்றுவதும், டயரை விற்பதும், ஆக்சில் கியர் மாற்றப் பணம் கட்டுவதும் வீண் செலவு.

ஆய்வுக்கு எடுத்த வண்டி

2018 ஃபோர்டு எஃப்-150, சூப்பர்க்ரூ கேபின், 4×4, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் (டர்போ) எஞ்சின், 10 கியர் ஆட்டோமேட்டிக், 3.55 ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.55 முறை சுற்றும்). தொழிற்சாலை டயர் 275/65 ஆர்18, கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). மாற்றம் இதுதான்: முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் உட்காரும் ஸ்பேசர், 2 அங்குல உயர்வு, அதே வீலில் 295/70 ஆர்18 அளவில் எல்டி வகை (லைட் டிரக்குக்கான கனமான ரகம்), ஆல்-டெரெய்ன் (சாலைக்கும் மண்தடத்துக்கும் பொதுவான) டயர்.

டயர் அளவும் கியர் விகிதமும் வண்டியில் உண்மையில் உள்ள எண்கள். மைலேஜ், காற்று எதிர்ப்பு, உருள் தடை (உருளும்போது டயர் தரும் எதிர்ப்பு) ஆகியவை இந்த மாதிரி வண்டிக்குப் பொருந்தும்படி கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது. ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஆகவே 20 மைல் என்பது லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர், 17 மைல் என்பது 7.2.

ஓடோமீட்டர் தொலைக்கும் மைல்கள்

வண்டிக்குச் சாலையின் நீளம் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். 275/65 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 275-இல் 65 சதவீதம், அதாவது 178.75 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 357.5. அதோடு 18 அங்குல வீலின் 457.2-ஐக் கூட்டினால் விட்டம் 814.7 மில்லிமீட்டர். 295/70 ஆர்18-க்கு இதே கணக்கில் 870.2 வருகிறது. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.068. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 6.8 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

பழைய டயரில் ஓடோமீட்டர் 440 மைல் காட்டியபோது 22 கேலன் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 20.0 மைல். புது டயரில் அதே 22 கேலனுக்கு 374 மைல் காட்டுகிறது. 17.0. பார்க்க 15 சதவீத இழப்பு. ஆனால் வண்டி உண்மையில் ஓடியது 374-ஐ 1.068-ஆல் பெருக்கிய தூரம், ஏறக்குறைய 399 மைல். கேலனுக்கு 18.2, அதாவது லிட்டருக்கு 7.7 கிலோமீட்டர்.

இனி பழைய 20. டயர் மாற்றுகிறவர் பெரும்பாலும் தேய்ந்த டயரைக் கழற்றித்தான் மாற்றுகிறார். தடத்தில் 6 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைந்து 802.7 ஆகியிருக்கும். ஓடோமீட்டர் தேயாத தொழிற்சாலை டயருக்குச் சரியாக இருந்தது என்று கொண்டால், தேய்ந்த டயரில் அது 1.5 சதவீதம் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போது உண்மை மைலேஜ் 20.0 அல்ல, 19.7. முன்னதைக் கூட்டிக் காட்டிய பிழையும் பின்னதைக் குறைத்துக் காட்டிய பிழையும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன.

மைல்/கேலன் என்ற அளவு இழப்பை நேராகக் காட்டாது. 1,000 மைலுக்கு எத்தனை கேலன் என்று மாற்றிப் பார்ப்பது நல்லது. டாஷ்போர்டை நம்பினால் 50.0-லிருந்து 58.8-க்கு, 8.8 கேலன் கூடியிருக்கிறது. திருத்திய கணக்கில் 50.7-லிருந்து 55.1-க்கு, 4.4 கேலன். பயமுறுத்திய இழப்பில் பாதி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

ட்ரிப் கம்ப்யூட்டரும் இதற்கு விலக்கல்ல. எரிபொருளை இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்திலிருந்து கணக்கிடும்; தூரத்தை அதே சக்கரச் சுற்றிலிருந்துதான் எடுக்கும். சர்வீஸ் இடைவெளியும் நழுவும்: ஓடோமீட்டரில் 5,000 மைல் என்றால் எஞ்சின் ஆயில் 5,340 மைல் ஓடியிருக்கிறது.

தெரியாமல் கூடும் வேகம்

பாதி இழப்பு காகிதத்தில் என்றால் மீதி முழுவதும் கிட்டுக்கும் டயருக்கும் என்று எழுதிவிடவும் முடியாது. ஸ்பீடோமீட்டரும் அதே பிழையைச் சுமக்கிறது. முள் 70 மைல் காட்டும்போது வண்டி 74.8 மைலில் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுபவர் வழக்கமான வேகத்தில்தான் போகிறேன் என்று நம்புகிறார்.

காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 1.068-இன் இருமடி 1.14. முள் பழைய இடத்திலேயே நிற்க, காற்று 14 சதவீதம் கூடுதலாகத் தடுக்கிறது. விசையாக எழுதினால் இது எவ்வளவு பெரியது என்று தெரியும். காற்றெதிர்ப்புக் குணகம் 0.40, முகப்புப் பரப்பு 3.4 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 70 மைலில் காற்று எதிர்ப்பு ஏறக்குறைய 800 நியூட்டன். ஆட்களோடு 2,400 கிலோ, உருள் தடைக் குணகம் 0.009 என்றால் டயர்களின் தடை 212 நியூட்டன். மொத்தச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கு காற்று.

இப்போது மாற்றங்களைச் சேர்ப்போம். உயர்வாலும் அகன்ற டயராலும் காற்று எதிர்ப்பு 4 சதவீதம் கூடினால் 32 நியூட்டன். கனமான ஆல்-டெரெய்ன் டயரால் உருள் தடை 25 சதவீதம் கூடினால் 53 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 85. முள்ளை நம்பி 74.8-இல் ஓட்டுவதால் கூடுவது மட்டும் 113 நியூட்டன். கிட்டையும் டயரையும் சேர்த்த சுமையைவிட, திருத்தாத ஸ்பீடோமீட்டரின் சுமை பெரியது. இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம்: உண்மையான 70-லிருந்து உண்மையான 65-க்கு இறங்கினால் 110 நியூட்டன் குறையும். கிட்டும் டயரும் எடுத்துக்கொண்டதைவிட அதிகம் திரும்பக் கிடைக்கும், ஒரு நட்டைக்கூடத் தொடாமல்.

ஆகவே முதல் வேலை அளவுதிருத்தம்: புது டயரின் சுற்றளவை வண்டியின் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது. கம்பெனி அட்டவணையில் உள்ள விட்டத்தை அப்படியே உள்ளிடாதீர்கள்; சுமையில் டயர் சற்று அமுங்கும், கம்பெனிக்குக் கம்பெனி ஒரே அளவிலும் சில மில்லிமீட்டர் மாறும். ஓட்டும் காற்றழுத்தத்தில் வைத்து, சமதரையில் டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கட்டும். ஐந்து சுற்று நேராக உருட்டி, தூரத்தை அளந்து ஐந்தால் வகுத்தால் உண்மையான சுற்றளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். எஃப்-150-இல் இந்த எண்ணை ஃபோர்ஸ்கான் மென்பொருளும் ஓபிடி அடாப்டரும் (வண்டியின் கணினியோடு இணைக்கும் செருகி) கொண்டு வண்டியின் பாடி கன்ட்ரோல் மாட்யூலில் மாற்றலாம். கைவைக்கும் முன் பழைய மதிப்புகளைச் சேமித்துக்கொள்வது கட்டாயம். அதன் பிறகு நெடுஞ்சாலையின் மைல் கற்களை வைத்து 20 மைலாவது ஓடி, ஓடோமீட்டரோடு ஒப்பிடுங்கள். ஒரு மைல் ஓடிப் பார்ப்பது போதாது. 3 சதவீதப் பிழை அதில் தெரியாது.

கிட் செய்வது

பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரமாக இருப்பது காரணத்தோடுதான். பின்னால் சரக்கோ டிரெய்லரோ ஏறும்போது அது அமுங்கி மட்டத்துக்கு வரும். சரக்கு இல்லாதபோது தாழ்ந்த மூக்கு காற்றை வண்டியின் அடியில் அதிகம் விடாமல் தடுக்கிறது. அடிப்பக்கம் முழுக்கச் சட்டமும் ஆக்சிலும் சைலன்சரும். அங்கே நுழையும் காற்று முட்டிச் சுழன்று வண்டியை இழுக்கும். முன்பம்பரின் கீழே தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஏர் டேம் அதற்காகவே இருக்கிறது. ராம் 1500-இன் ஏர் சஸ்பென்ஷன் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டியைத் தானே தாழ்த்துவதும் இதே கணக்கில்தான். தொழிற்சாலை ஓரிரு சென்டிமீட்டர் தாழ்த்துவதற்காகப் பணம் செலவழிக்கிறது; லெவலிங் கிட் 5 சென்டிமீட்டர் உயர்த்துகிறது.

இருந்தாலும் 2 அங்குல உயர்வு தனியாகத் தரும் இழப்பு சிறியது. பெரிதாக ஆக்குவது அதோடு சேர்த்துச் செய்யும் காரியம்: டயர் உரசுகிறது என்றோ, பார்க்க நன்றாக இல்லை என்றோ ஏர் டேமைக் கழற்றிவிடுவது. செய்யாதீர்கள். உரசும் மூலையை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கி வளைக்கலாம், அல்லது விரலகலம் சீவலாம். அதேபோல் ஆஃப்செட் குறைந்த வீல் போட்டு டயரை ஃபெண்டருக்கு வெளியே பிதுக்கினால், சுழலும் டயர் நேராகக் காற்றில் நிற்கும். மைலேஜ் போவது மட்டுமில்லை, கதவெல்லாம் கல்லடி.

பொருத்துவதில் மைலேஜைத் தொடும் இடங்கள் சில உண்டு. முதலில் நான்கு மூலையிலும் வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் உயரமும் கலந்துவிடும். ஸ்பேசரின் தடிப்பைப் பார்த்து உயர்வைச் சொல்ல முடியாது. ஸ்ட்ரட்டின் கீழ்முனை கீழ் ஆர்மின் (சக்கரத்தைத் தாங்கும் கையின்) நடுவில் எங்கோ பிடித்திருப்பதால், தடிப்பைவிட வீலில் கிடைக்கும் உயர்வு அதிகம். 2 அங்குலக் கிட் என்று வாங்கியதன் உள்ளே 2 அங்குலத் துண்டு இல்லையே என்று இரண்டாவது ஸ்பேசரை அடுக்குகிறவர்கள் உண்டு. அப்படி அடுக்கினால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் வளையும் மூட்டு) கோணம் கெடும், அப்பர் பால் ஜாயின்ட் எல்லையில் இழுபடும்.

ஸ்ட்ரட்டை இறக்கும்போது வீல் ஸ்பீடு சென்சார் வயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை முதலில் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்ம் தொங்கும் நேரத்தில் அவை இழுபடும். எஃப்-150 4×4-க்கே உரிய ஒரு ஆபத்து, முன் ஹப்புக்கு (சக்கரத்தின் நடு இணைப்புக்கு) போகும் வாக்குவம் குழாய். எஞ்சின் வாக்குவம் இருக்கும்வரைதான் அந்த ஹப் முன் ஷாஃப்ட்டை விட்டு விலகியிருக்கும். குழாய் சிறிதாகக் கீறினால் பற்கள் அரைகுறையாகக் கோத்து நறநறவென்று சத்தம் தரும், முன் ஷாஃப்ட் தேவையில்லாமல் சுழலும், ஹப் சீக்கிரம் போகும். வீல் நட்டுக்கு 150 பவுண்டு-அடி, அதாவது 204 நியூட்டன் மீட்டர். 100 மைல் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

பிறகு வீல் அலைன்மென்ட். "நேராகத்தான் போகிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். முன்பக்கம் உயரும்போது டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) கோணம் மாறி டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கெடுகிறது; காஸ்டர், காம்பர் என்ற மற்ற சாய்வுக் கோணங்களும் நகர்கின்றன. இரண்டு பக்கமும் சமமாகக் கெட்டால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது, ஸ்டியரிங்கும் நேராக நிற்கும். ஆனால் இரண்டு டயரும் மைல் கணக்கில் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே ஓடும். உள்ளங்கையைத் தடத்தின் குறுக்கே முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் ரம்பம் போல் பிடித்தால் டோ தப்பு. கிட் போட்ட அன்றே அலைன்மென்ட், ஹெட்லைட் தாழ்த்தல், கேமரா-ரேடார் உள்ள வண்டியில் அவற்றின் அளவுதிருத்தம், மூன்றையும் முடித்துவிடுங்கள்.

டயரின் பங்கு

வேகப் பிழையைத் திருத்திய பிறகு மிஞ்சும் இழப்பில் பெரும்பங்கு இங்கேதான். அதிலும் உயரத்தைவிட டயரின் ரகம் முக்கியம். தொழிற்சாலை டயர் பயணிகள் ரகம். ஒன்று 17 கிலோ அளவில் இருக்கும். 295/70 ஆர்18 எல்டி டயர், லோட் ரேஞ்ச் இ (அதிகச் சுமை தாங்கும் வகை) என்றால் 27 கிலோவைத் தொடும். நாலு டயருக்கு 40 கிலோ. அதன் பெரும்பகுதி விளிம்பில் சுழல்வதால், வேகமெடுக்கும்போது வண்டியில் ஏற்றிய 70 கிலோவுக்கும் மேல் கனத்தது போல எஞ்சினுக்குத் தெரியும். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் இது உறைக்கும். ஒரே வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் அவ்வளவாக இல்லை.

நெடுஞ்சாலையில் உறைப்பது உருள் தடை. தடித்த பக்கச்சுவர், கூடுதல் பிளை (உள்ளே இருக்கும் துணியடுக்கு), ஆழமான தடக் கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து ஆற்றலைச் சூடாக வீணாக்குகின்றன. உருள் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மாறும் என்பது 2006-இல் அமெரிக்காவின் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் வெளியிட்ட அறிக்கையின் முடிவு. நாம் வைத்த 25 சதவீத உயர்வு அதன்படி 2.5 முதல் 5 சதவீதம். தடம் தேயத் தேய உருள் தடை குறையும் என்பதையும் மறக்கக்கூடாது. தேய்ந்த பழைய டயரின் நல்ல நாளோடு புது டயரின் முதல் டேங்கை ஒப்பிடுவது நியாயமில்லை.

எஃப்-150-க்கு லோட் ரேஞ்ச் இ பெரும்பாலும் தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த டயர் முக்கால் டன் வண்டிகளின் (எஃப்-250 போன்ற பெரிய பிக்கப்புகளின்) சுமைக்கானது. அதே அளவு, அதைவிட இலேசான லோட் ரேஞ்ச் சி-யில் கிடைத்தால், சரக்குச் சுமையைச் சரிபார்த்துவிட்டு அதை வாங்குங்கள். எடையும் குறையும், பக்கச்சுவரும் மெல்லியதாக இருக்கும்.

அடுத்தது காற்று. எல்டி டயரில் ஸ்டிக்கரில் போட்ட 35-ஐயே அடிப்பது பரவலான பிழை. பழைய டயரின் சுமைக் குறியீடு 114, அதாவது 1,180 கிலோ. பயணிகள் ரக டயரை டிரக்கில் போடும்போது அதை 1.1-ஆல் வகுக்க வேண்டும், 1,073 கிலோ. புது டயரின் கம்பெனி அட்டவணையில் எந்தக் காற்றில் அந்த 1,073 கிடைக்கிறதோ, அதுதான் உங்கள் குறைந்தபட்சம். எல்டி டயரில் அது 35-ஐவிட மேலே இருக்கும். பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ என்று பொறித்திருப்பது உச்சவரம்பு. வெறும் வண்டியில் அதை அடித்தால் தடத்தின் நடு மட்டும் தேயும், ஈரச் சாலையில் பிடிப்பு போகும். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேட்டுக் கணக்கில், நாலு டயரின் சராசரியில் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் போகும். 6 பிஎஸ்ஐ குறைவாக ஓட்டுகிறவர் 1.2 சதவீதத்தைக் காற்றிலேயே விடுகிறார்.

ஆக்சில் கியர் மாற்ற வேண்டுமா

இந்த வண்டிக்கு வேண்டாம். பெரிய டயர் 3.55-ஐச் செயலளவில் 3.32 ஆக்குகிறது. ஃபோர்டே இந்த வரிசையில் 3.31 ஆக்சில் கொடுத்திருக்கிறது. பத்தாவது கியரில் (விகிதம் 0.636) 70 மைலுக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,660 சுற்றிலிருந்து 1,550-க்கு இறங்கும். சுற்று குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். தள்ள வேண்டிய விசை கூடியிருக்கிறது, நெம்பும் ஆரமும் கூடியிருக்கிறது. மேடு வந்தால் கியர்பாக்ஸ் பத்திலிருந்து எட்டுக்கு விழும், டர்போ அழுத்தம் ஏறும். அடிக்கடி டிரெய்லர் இழுப்பவருக்கு 3.73 சரியாக அமையும். புது டயரில் அது 3.49-க்குச் சமம். ஆனால் 4×4-இல் கிரவுன்-பினியனை (ஆக்சிலின் உள்ளே உள்ள கியர் ஜோடியை) முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிலிலும் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவைப் பெட்ரோல் மிச்சத்தால் திரும்ப எடுப்பது நடக்காத காரியம்.

சோதிக்கும் முறை

கிட்டையும் டயரையும் ஒரே நாளில் போட்டால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கிட், அலைன்மென்ட் முடித்து மூன்று டேங்க். பிறகு டயர், அளவுதிருத்தம் முடித்து மூன்று டேங்க். அதே பெட்ரோல் பங்க், அதே பம்பு, வண்டி அதே பக்கம் பார்த்து நிற்கட்டும், முதல் தானியங்கி நிறுத்தத்தோடு விட்டுவிடுங்கள். ஒரு டேங்கின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; நிரப்பும் மட்டம் அரை கேலன் மாறினாலே 22 கேலனில் 2 சதவீதத்துக்கு மேல் பிழை, அதாவது கிட்டின் முழுப் பங்கே அதில் மூழ்கிவிடும்.

பருவத்தையும் பாருங்கள். அக்டோபரில் டயர் போட்டு ஜனவரியில் கணக்குப் பார்ப்பவர் குளிரின் பழியை டயர் மேல் போடுகிறார். பாரன்ஹீட் 77 டிகிரியோடு ஒப்பிட்டால் 20 டிகிரியில் நகர மைலேஜ் 15 சதவீதம் வரை குறையும். எத்தனால் கலக்காத பெட்ரோலிலிருந்து 10 சதவீதம் கலந்ததற்கு மாறினால் இன்னொரு 3 சதவீதம்.

எல்லாம் சரியாக அளந்த பிறகும் இழப்பு அதிகம் என்று பட்டால், 275/70 ஆர்18-ஐ யோசிக்கலாம். விட்டம் 842.2 மில்லிமீட்டர்; பிழை 3.4 சதவீதம் மட்டுமே, அகலம் தொழிற்சாலை டயரின் அகலமே. கண்ணுக்கு 33 அங்குல டயர்.

ஸ்டெப்னி விஷயம் கடைசி நேரத்தில்தான் பலருக்கு நினைவு வரும். கீழே தொங்குவது இன்னும் பழைய 32 அங்குல டயர் என்றால், அதைப் பின் ஆக்சிலில் போடாதீர்கள்; 6.8 சதவீத விட்ட வேறுபாட்டில் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) நேர்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். பின்டயர் பஞ்சரானால் முன்டயர் ஒன்றைப் பின்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள். 2எச்-இல் (பின்சக்கரம் மட்டும் ஓட்டும் நிலையில்) முன் ஹப் விலகியிருப்பதால் அங்கே அது தொந்தரவு தராது. நான்கு சக்கரத்தையும் ஓட்டும் 4எச், 4ஏ நிலைகள் இரண்டையும் தொடாமல், டயர் கடை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம்.